வக்கீல் வீட்டு ரகசியம்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி ஏறுகிறவர்கள் உச்சியை நெருங்கும் இடத்தில் சற்று நின்றே தீர வேண்டும். மூச்சு வாங்குவதற்காக மட்டும் அல்ல. 800 அடி உயரத்துக்கு வந்த பிறகு, உச்சிக் கோட்டைக்கு முன்னால் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பிளவு குறுக்கே கிடக்கிறது. அதைக் கடக்க ஒரே ஒரு மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் பத்துப் பேர் ஒரு சைனியத்தையே தடுத்து நிறுத்தலாம். 1690-ல் வந்த மொகலாயப் படை இந்தக் கோட்டையைக் கைப்பற்ற 1698 வரை காத்துக் கிடந்தது. ஆனால் அதற்கு முன்பு, 1677-ல், சிவாஜி மகாராஜா இதே கோட்டையை மதிலை இடித்துப் பெறவில்லை. உள்ளே இருந்த பீஜப்பூர் அதிகாரியோடு பேசி முடித்துப் பெற்றார். 1750-ல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படைக்கோ ஒரே ஓர் இரவு போதுமானதாயிருந்தது.

கோட்டையின் அடிவாரத்து ஊரில் கோர்ட்டு உண்டு, வக்கீல்களும் உண்டு. அந்த வக்கீல்களின் அறைகளுக்கு இந்தச் சரித்திரம் எவ்வளவு பொருத்தம் என்பதையே இந்த வாரம் சொல்ல நினைக்கிறோம்.

மனிதன் வைத்தியரிடம் உடம்பைக் காட்டுகிறான். வக்கீலிடம் குடும்பத்தையே திறந்து காட்டுகிறான். அண்ணன் தம்பி பாகத் தகராறு, பெண்ணின் விவாகரத்து, இன்னும் யாருக்கும் தெரியாத உயில், கடன் பத்திரம் எல்லாம் அங்கே போய்ச் சேருகின்றன. ஆகையால்தான் 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம், கட்சிக்காரர் சொன்னதை அவருடைய சம்மதமின்றி வக்கீல் வெளியிடக் கூடாது என்று விதித்தது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 132-வது பிரிவும் அதையே சொல்கிறது. குமாஸ்தாவையும் மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. 2025 அக்டோபர் 31-ல் சுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே சென்றது. சட்டம் கூறும் விதிவிலக்குகளில் அடங்கினாலன்றி, கட்சிக்காரரின் விவரம் கேட்டுப் புலன் விசாரணை அதிகாரிகள் வக்கீலுக்குச் சம்மன் அனுப்பலாகாது. அவருடைய கைபேசியையோ கம்ப்யூட்டரையோ பரிசோதிக்க நேர்ந்தாலும் கோர்ட்டின் மூலமாகவே செய்ய வேண்டும். மற்றக் கட்சிக்காரர்களின் ரகசியம் கெடக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

மிகவும் நல்ல தீர்ப்பு. ஆனால் திருடன் சம்மன் அனுப்புவதில்லையே!

அவன் அனுப்புவது ஒரு மின்னஞ்சல். "தங்கள் வழக்கின் நகல் இத்துடன்" என்று இருக்கும். அல்லது சக வக்கீலின் பெயரில் ஒரு குசலப் பிரசினம் இருக்கும். அதைத் தொட்டால், ஜிமெயிலின் முகப்பைப் போலவே ஒரு பக்கம் தோன்றிக் கடவுச்சொல்லைக் கேட்கும். கொடுத்த கணத்தில் கோட்டைச் சாவி கை மாறிவிடுகிறது. இந்த வித்தையில் நம் தேசத்தவருக்கு உள்ள பங்கைச் சொல்ல நமக்கு வெட்கமாகவே இருக்கிறது. வழக்காடும் தரப்பினருக்காகக் கூலிக்கு மின்னஞ்சல் திருடிய இந்தியர்களைப் பற்றி ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம் 2022-ல் ஒரு நீண்ட விசாரணையை வெளியிட்டது. 2013 முதல் 35 வழக்குகளில் இவர்கள் கைவைக்க முயன்றதையும், 108 வக்கீல் நிறுவனங்களைச் சேர்ந்த சுமார் ஆயிரம் வக்கீல்களைக் குறிவைத்ததையும் அது எடுத்துக் காட்டிற்று. எதிர்க்கட்சியின் வாதத்தை விசாரணைக்கு முன்பே படித்துவிட்டால், அப்புறம் நீதிபதி எதற்கு, கோர்ட்டு எதற்கு?

2016-ல் பனாமா தேசத்து மொசாக் பொன்சேகா என்னும் வக்கீல் நிறுவனத்திலிருந்து 1 கோடியே 15 லட்சம் தஸ்தாவேஜுகள் வெளிவந்தன. 2018-ல் நிறுவனத்தையே மூடினார்கள். அங்கே அம்பலமானவர்களில் பலருக்காகக் கண்ணீர் விட வேண்டிய அவசியமில்லை. ஆயினும், செல்வர்களின் கள்ளக் கணக்கு வெளியேறுகிற அதே வழியாகத்தான் ஓர் ஏழை விதவையின் ஜீவனாம்ச மனுவும் வெளியேறும்.

பனாமா கிடக்கட்டும்; நம் ஊர்களில் நடப்பதைப் பாருங்கள். வக்கீல் தயாரித்த மனுவைக் குமாஸ்தா தம் கைபேசியிலிருந்து ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். கடைக்காரர் அச்செடுத்துக் கொடுக்கிறார். மனு கடைக் கம்ப்யூட்டரில் மாதக்கணக்காகத் தூங்குகிறது. அடுத்து வருகிற எவரும் அதைத் தட்டி எழுப்பலாம். ஆதார் நகலும் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பக்கத்திலேயே படுத்திருக்கும். சட்டம் குமாஸ்தாவைக் கட்டுப்படுத்துகிறதேயன்றி, 132-வது பிரிவில் ஜெராக்ஸ் கடைக்காரரைக் காணோம். 2023-ல் இயற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தகவலைச் சரிவரக் காக்கத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று பயமுறுத்துகிறது. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில், முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாதத் தவணையுடன் வெளியாயின. சட்டமே வாய்தா வாங்கிக்கொண்டது!

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் இரண்டாவது எண்ணையும் கேட்கும்படி மின்னஞ்சலை அமைப்பதற்குக் காசு வேண்டாம். தஸ்தாவேஜுகளின் ஒரு பிரதியைத் தனிப் பெட்டியில் எடுத்து, கம்ப்யூட்டரோடு தொடர்பில்லாமல் பூட்டி வைக்கலாம். ராஜகிரியில் பாலத்தை எடுத்து வைத்ததும் இதற்குத்தான். 2017 ஜூனில் டிஎல்ஏ பைப்பர் என்னும் உலகப் பெரு நிறுவனத்தின் டெலிபோனும் மின்னஞ்சலும் ஒரு நச்சு நிரலால் ஒரே நாளில் ஊமையாயின. பணம் கட்ட வேண்டிய பாங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று வக்கீலின் பெயரால் கடிதம் வந்தால், பழைய எண்ணில் அவரைக் கூப்பிட்டு அவர் குரலைக் கேட்ட பிறகே பணம் கட்டலாம். ஏமாந்து கட்டிவிட்டாலோ, உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிப்பது நலம்.

ஜெராக்ஸ் கடையில் மனுவை வாங்கிக்கொள்ளும்போது, "கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிடுங்கள், ஐயா" என்று சொல்லி, அவர் அழிக்கும் வரை அங்கேயே நிற்கலாம். அரை நிமிஷம்கூட ஆகாது.