மேற்கோளில் வராத பெயர்

ஒரு மருத்துவ விஞ்ஞானியை இன்று எப்படி அளக்கிறார்கள்? கட்டுரை எத்தனை, மேற்கோள் எத்தனை என்று எண்ணித்தான்.

அமெரிக்கக் கறுப்பர் விவியன் தாமஸை அப்படி எண்ணிப் பாருங்கள். 1930களில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். சம்பளப் பதிவேட்டில் துப்புரவாளர். உடல் நீலம் பாய்ந்த குழந்தைகளுக்கான இதய அறுவையை நாய்களுக்குச் செய்து முறைப்படுத்தியவர் அவர். 1944 நவம்பர் 29, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பிளேலாக் முதல் குழந்தைக்குக் கத்தி வைத்தபோது, பின்னால் நின்று வழி சொன்னவரும் அவரே. 1945இல் கட்டுரை வந்தது. பிளேலாக், டௌசிக், இரண்டே பெயர். உலகம் அவர்களை மேற்கோள் காட்டியது. தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் 1976இல்தான்.

கட்டுரையிலேயே பேர் இல்லேன்னா மேற்கோள் எங்கேயிருந்து வரும்? தோழர்களே, தகுதி, திறமை என்று எண்ணைக் காட்டுகிறவனிடம் கேளுங்கள்: யார் பேரை விட்டுட்டு எண்ணினே?