கப்பலில் வந்த குதிரை

சென்ற பங்குனி உற்சவத்தில், மயிலைக் கபாலீசுவரரின் குதிரை வாகனத்தைத் தரிசித்துவிட்டு மாட வீதியில் திரும்பிக்கொண்டிருந்தேன். உடன் வந்த மாணாக்கன் ஒருவன், "ஸார், குதிரை நம்ம ஊர் மிருகம்தானே?" என்று கேட்டான். சுவாமி ஏறி வரும் குதிரையை அயலூர்ச் சரக்கு என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் உபாத்தியாயன் பொய் சொல்லலாகாது. "இல்லையப்பா, கப்பலில் வந்தது" என்றேன்.

காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. வாதவூரர் பாண்டியன் பொருளோடு குதிரை வாங்கப் புறப்பட்ட கதையை அறியாதவர் யார்? நரி பரியானதைக் கண்டு எல்லோரும் வியக்கிறோம். குதிரைக்காக ஒரு ராஜ்யத்தின் பொக்கிஷமே துறைமுகத்துக்குப் போயிற்றே, அதை நினைப்பாரில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ அதை நினைத்தார். பாண்டிய அரசன் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவான் என்றும், அவன் சகோதரர்களும் அவ்வாறே வாங்குவர் என்றும், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாது என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். காரணம்? குதிரைக்குச் சோறும் மாமிசமும் சமைத்துப் போட்டார்களாம். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை. அரபுக் கரையிலிருந்து வந்த வியாபாரிகளோ குதிரை வைத்தியரை உடன் அழைத்து வருவதே இல்லை. செத்தால்தானே மறுவருஷமும் விற்கலாம்! நல்ல ஜாதிக் குதிரைகளைச் சேர்த்தாலும் இங்கே கால் கோணிய குட்டியே பிறக்கும் என்கிறார் அவர். வறண்ட ராஜஸ்தானத்திலும் கத்தியவாரிலும் நிலைமை வேறு. அங்கே மார்வாரி, கத்தியவாரி என்ற அருமையான ஜாதிகள் உருவாயின. இரண்டுக்கும் காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும்.

அமெரிக்காவின் கதை இன்னும் விசித்திரமானது. குதிரைக் குலமே தோன்றியது அங்கேதான்; ஆனால் சுமார் 10,000 வருஷங்களுக்கு முன் அங்கே அது பூண்டற்றுப் போயிற்று. 1493-ல் கொலம்பஸின் இரண்டாம் யாத்திரைக் கப்பல்களில் மீண்டும் வந்தது. ஸ்பானியரிடமிருந்து தப்பி மேய்ந்தவற்றின் வழிவந்ததே 'மஸ்டாங்'. கால் மைல் பந்தயத்தில் சிட்டாய்ப் பறப்பது 'குவார்ட்டர்' குதிரை. 1789-ல் பிறந்த குட்டையான ஓர் ஆண்குதிரையோ தனி ஜாதிக்கே மூலபுருஷனாயிற்று. அதன் சொந்தக்காரர் ஜஸ்டின் மார்கன் என்ற பள்ளிக்கூட உபாத்தியாயர். அந்த ஜாதிக்கு இன்றும் 'மார்கன்' என்றே பெயர். எங்கள் வர்க்கத்தாருக்கு இப்படியும் ஒரு கீர்த்தி!

நம் சென்னைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து குதிரைகள் வந்தன. நியூ சவுத் வேல்ஸின் வாலைப் பிடித்து, அவற்றை 'வேலர்' என்றார்கள். ஆங்கிலக் குதிரை, அரபுக் குதிரை, தீமோர் மட்டம் எல்லாம் கலந்த உடம்பு. வெயிலும் தாகமும் தாங்கும். பட்டாளத்துக்கு வேறென்ன வேண்டும்?

மறு ஞாயிறு மாலை பையன் மெரீனாவுக்கு ஓடினான். குழந்தைகளை ஏற்றிச் செல்லும் குதிரையின் காதை உற்றுப் பார்த்தானாம். "ஸார், நுனி கொஞ்சம் வளைஞ்சாப்பலே இருந்தது. எந்த ஊர்க் குதிரைன்னு அந்த ஆளைக் கேட்டேன். 'இந்த ஊர்தான், தம்பி' என்றுட்டார்" என்றான்.