நெஞ்சைத் திறப்பது மட்டும் காரணம் ஆகாது

பைபாஸ் அறுவைக்கு முன் எடுக்கும் எக்கோவில் சிலருக்கு எதிர்பாராத ஒன்று தென்படும்: பெருந்தமனி வால்வில் மிதமான சுருக்கம். வால்வின் திறப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கீழே போய், சுருக்கம் கடுமையாகிவிட்டது என்றால் பேச்சே இல்லை. பைபாஸோடு சேர்த்தே வால்வையும் மாற்றிவிட வேண்டும். ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவே நிற்பவர்களுக்குத்தான் சிக்கல். ‘எப்படியும் நெஞ்சைத் திறக்கிறோம், இதையும் மாற்றிவிடலாம்’ என்ற ஒற்றை வாதத்தில் அவர்களுடைய முடிவு தீர்ந்துவிடக் கூடாது. 2020-ஆம் ஆண்டின் அமெரிக்க இதயவியல் வழிகாட்டுதல்கூட, இவர்களுக்கு வால்வு மாற்றத்தைப் பரிசீலிக்கலாம் என்ற அளவில்தான் நிறுத்திக்கொள்கிறது.

காரணம், வால்வு மாற்றம் பைபாஸோடு இலவசமாக வரும் இணைப்பு அல்ல. இந்தியாவில் பைபாஸ் பெரும்பாலும் துடிக்கும் இதயத்திலேயே செய்யப்படுகிறது. வால்வையும் மாற்றுவதென்றால் இதயத்தை நிறுத்தி, இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடுதான் செய்ய முடியும். உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, உறையும் வேகத்தை அளக்கும் விடாத ஐஎன்ஆர் பரிசோதனை. மருந்தின் அளவு குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் கசியும். திசு வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது தேயத் தொடங்கும்.

இப்போது விட்டுவிட்டால் பின்னால் நெஞ்சை மறுபடி திறக்க வேண்டிவருமே என்பது நியாயமான அச்சம். மார்பெலும்புக்கு அடியில் ஓடும் பைபாஸ் குழாய் அறுபடும் ஆபத்து உண்மையானது. ஆனால் 2002-இல் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே தமனி, சிரை வழியாகவே வால்வு பொருத்தும் முறையைத் தொடங்கிவைத்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. இன்று தொடை வழியே பொருத்திவிடலாம். அதற்குப் பல லட்சம் ஆகும் என்பதும் மெய்தான். அந்தச் செலவைத் தாங்க முடியாத குடும்பத்துக்கு, இப்போதே மாற்றுவது சரியாக இருக்கக்கூடும். வால்வில் கால்சியம் திட்டுத்திட்டாகப் படிந்து, ரத்த வேகம் வினாடிக்கு நான்கு மீட்டரை நெருங்கும் அறுபது வயதுக்காரருக்கும் அப்படியே. வேகம் மூன்றைத் தாண்டாத, சிறுநீரகம் தளர்ந்த எண்பது வயதுக்காரரை அந்தக் கணக்கில் சேர்ப்பது தவறு.

வால்வின் திறப்பு சராசரியாக ஆண்டுக்கு 0.1 சதுர சென்டிமீட்டர் குறையும் என்றாலும், ஆளுக்கு ஆள் வேகம் வெகுவாக வேறுபடும். ஆகவே பழைய எக்கோ அறிக்கைகளைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். வால்வை ஏன் மாற்றுகிறீர்கள், எந்த வால்வு, மாற்றாவிட்டால் அடுத்து என்ன என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள்.