சீசர் சலாட்டும் தூய்மைவாதிகளும்

சீசர் சலாட்டில் யப்பானிய மிசோவைக் கலந்தால் மரபு கெட்டுவிடுமாம். எந்த மரபு? 1924 இல், மெக்சிக்கோவின் திகுவானா நகரில், சீசர் கார்டினி என்ற இத்தாலியக் குடியேறியின் உணவகத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் சலாட் அது. பிறப்பே கலப்பு!

அதிலுள்ள பார்மசான் பாற்கட்டியும் பின்னர் சேர்ந்த நெத்தலியும் தருவது உமாமிச் சுவை. அச்சுவைக்குப் பெயரிட்டு, 1908 இல் கடற்பாசிச் சாற்றில் அதன் மூலத்தைக் கண்டறிந்தவர் யப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா. மிசோவிலும் அதுவே நிறைந்திருக்கிறது. ஆகவே நெத்தலிக்குப் பதிலாக மிசோ சேர்ப்பது சிதைவன்று, காரணமறிந்த மாற்றம்.

கண்டிக்கவேண்டியது வேறு. சோயா சோஸையும் நல்லெண்ணெயையும் ஊற்றி, 'ஆசியச் சலாட்' என்று பெயர் சூட்டுகிறார்களே, அந்தச் சோம்பலைத்தான். சீனம், கொரியா, யப்பான் மூன்றுக்கும் தனித்தனிச் சமையல் உண்டு. கலப்பது குற்றமன்று, கலந்த பொருளின் ஊரை மறைப்பதே குற்றம்.