தாத்தாவுக்குப் பேரேடு, பாட்டிக்குத் தீர்ப்பு

பி.காம் முதல் வருஷம் சொல்லித் தந்த முதல் விதி: பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. மூணு வருஷமா இதையே வேற வேற வேஷத்தில் படிச்சிட்டு இருக்கேன். ஆனா ஒருத்தரோட முப்பாட்டனைக் கண்டுபிடிக்கவும் இதுதான் வழின்னு எந்த வாத்தியாரும் சொல்லலை :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

தென்னாப்பிரிக்காவில் டச்சுப் பெயர் வைத்திருக்கும் குடும்பங்களில், "நம்ம முதல் ஆள் எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தார்?" என்று தேடுவது பலருக்கும் பிடித்த வேலை. 1652ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கேப் முனையில் ஒரு குடியிருப்பை ஆரம்பித்தது. அந்தக் கம்பெனியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. (நம்ம கப்பலோட்டிய தமிழர் இல்லை, இது வேற!) அதன் காகிதங்களில் பெரும்பகுதி நெதர்லாந்தின் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கு. ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுனிலும் இருக்கு. நம்ம எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இருக்கு, அது பெரும்பாலும் கொச்சியிலிருந்து வந்தது. 2003ல் இதையெல்லாம் சேர்த்து யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் ஏற்றியது.

தேடுகிறவர் ஒரு டச்சு அல்லது ஜெர்மன் சிப்பாயின் வம்சம், அவர் வந்தது 18ஆம் நூற்றாண்டு என்றால், அவருக்கு யோகம். கம்பெனி ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சம்பளப் பேரேடு வைத்திருந்தது. கிட்டத்தட்ட 3000 பேரேடுகள் இன்றும் இருக்கின்றன. கப்பலில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. மேலே பெயர், சொந்த ஊர், பதவி, மாதச் சம்பளம். இடப்பக்கம் பற்று: வாங்கிய முன்பணம், பெட்டிக்கான செலவு, விடுதிக்காரனுக்கு எழுதிக் கொடுத்த கடன் சீட்டு, ஊரில் இருக்கும் மனைவிக்கு அனுப்பச் சொன்ன தொகை. வலப்பக்கம் வரவு: உழைத்த மாதங்களின் சம்பளம். கடைசியில் ஆள் செத்தானா, திரும்பினானா, ஓடிப்போனானா என்று ஒரு வரி.

ஊர் பெயரை ஏன் எழுதி வைத்தார்கள்? பாசத்தில் இல்லை. ஆள் செத்துப் போனால் மிச்சச் சம்பளத்தைக் கேட்டு வாரிசு வருவார். அவர் சரியான வாரிசுதானா என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான். கம்பெனி அவனுக்குக் கடன்பட்டிருந்தது, அதனால் அவனை மறக்கவில்லை.

இப்போது மறுபக்கம்.

கேப் குடியேற்றத்துக்குக் கப்பலில் வந்தவர்கள் சிப்பாய்கள் மட்டுமில்லை. இந்தியா, இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், மொசாம்பிக் பக்கமிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களுக்குப் பேரேட்டில் பக்கம் கிடையாது. சம்பளமே இல்லாதவருக்கு ஏது வரவு? அவர்கள் விற்பனைப் பத்திரத்திலும் சொத்துப் பட்டியலிலும் வருகிறார்கள், மாடு கன்னு, பாத்திரம் பண்டத்தோடு. பெயரும் அவர்களுடையது இல்லை. பிப்ரவரி, செப்டம்பர் என்று மாதத்தின் பெயரை வைத்தார்கள், டைட்டஸ், குபிடோ என்று வைத்தார்கள். பின்னால் ஓர் ஊர்: வங்காளத்து இன்னார், சோழமண்டலக் கரை இன்னார். வாரிசு யாரும் வந்து கேட்கப் போவதில்லை, அதனால் அதற்கு மேல் எழுத அவசியமும் இல்லை.

இந்தக் கூட்டத்தில் ஒருத்தியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. ஆவணத்தில் அவள் பெயர் "பெரிய கத்ரைன்", ஊர் பழவேற்காடு. ஆமாங்க, நம்ம பழவேற்காடுதான். 1613லிருந்து டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை இருந்த அதே ஊர். அவள் பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அடிமையாக இருந்தாள். தன்னைத் தாக்கிய காதலன் மேல் கல்லை எறிந்தாள், அவன் செத்துப் போனான். மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதை ஆயுள் முழுக்க நாடுகடத்தலாகக் குறைத்து 1657ல் கேப்புக்கு அனுப்பினார்கள். அங்கே துணி வெளுத்துப் பிழைத்தாள். ஒரு சிப்பாய்க்கும் அவளுக்கும் பிறந்த கிறிஸ்டோஃபல் 1669ல் ஞானஸ்நானம் பெற்றான். பின்னாளில் ஒரு பிரெஞ்சு ஹ்யூகனாட் குடும்பத்துப் பெண்ணைக் கட்டினான். ஸ்நைமன் என்கிற பெரிய ஆப்பிரிக்கானர் வம்சம் அவனிலிருந்து வருகிறது.

இதில் என்னைக் குடைந்த விஷயம் ஒன்றுதான். அவள் அந்தக் கல்லை எறியாமல் இருந்திருந்தால் இந்த அளவுக்குக் கூட அவளைத் தெரிந்திருக்காது. தாத்தாவைக் கணக்குப்பிள்ளை எழுதி வைத்தார், பாட்டியை நீதிமன்றம் எழுதி வைத்தது, அதுவும் தண்டிப்பதற்காக.

இது வெறும் குடும்பக் கதை இல்லை. 1950ல் நிறவெறி அரசு ஒவ்வொருவரையும் இன்ன இனம் என்று பதிவு செய்யச் சட்டம் போட்டது. எங்கே வீடு, எந்தப் பள்ளி எல்லாமே அந்தப் பதிவைப் பொறுத்தது. 1991ல்தான் சட்டம் நீங்கியது. நடுவில் 1971ல், ஹீஸ என்ற ஆய்வாளர் பழைய பதிவேடுகளைக் கூட்டிக் கழித்து, ஆப்பிரிக்கானர்களின் மூதாதையரில் சுமார் 7% ஐரோப்பியர் அல்லாதவர் என்று புத்தகமே போட்டார். "சுத்த வெள்ளை" என்று மார்தட்டியவர்கள் வீட்டுக் கணக்கிலேயே பழவேற்காட்டுப் பாட்டி உட்கார்ந்திருந்தாள்!

உடனே நாம "தமிழச்சிடா!" என்று கிளம்பிவிடக் கூடாது. பெயருக்குப் பின்னால் இருக்கிற ஊர் பல சமயம் பிறந்த ஊர் இல்லை, கப்பலேற்றிய துறைமுகம். பழவேற்காடு பெரிய துறைமுகம், பல ஊர் ஆட்கள் அங்கிருந்து அனுப்பப்பட்டார்கள். அவள் தமிழ் பேசினாளா, தெலுங்கு பேசினாளா, அந்த ஒரு சொல்லை வைத்துச் சொல்ல முடியாது. அவளை அடிமையாக்கியவன் ஒட்டிய சீட்டை நாம் சாதிப் பெருமை மாதிரி தூக்கிக்கொண்டு ஆடுவது நியாயமில்லை.

இப்போது கையெழுத்தைக் கணினியே படிக்கிறது. குளோபலைஸ் என்ற நெதர்லாந்துத் திட்டத்தில், ஆசியாவிலிருந்து கம்பெனிக்குப் போன கடிதங்களும் அறிக்கைகளும் சுமார் 50 லட்சம் ஸ்கேன்கள் எழுத்தாக மாறியிருக்கின்றன. ஊர் பெயரை நாலைந்து விதமான டச்சு எழுத்துக்கூட்டலில் தட்டித் தேடலாம். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் எழுதப்படாத வரியை எந்தக் கணினியும் படித்துச் சொல்லாது.

அதனால் என் கருத்து இதுதான். மூதாதையைத் தேடுகிறவர் பெயரைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கணும்: இந்தத் தாளை எழுதியவனுக்கு இந்த ஆள் யார்? கடன் கொடுக்க வேண்டியவரா, விற்க வேண்டிய சரக்கா, தண்டிக்க வேண்டிய குற்றவாளியா? அதைப் பொறுத்துத்தான் அந்தத் தாளை எவ்வளவு நம்பலாம், எதை அதில் தேடவே கூடாது என்று தெரியும். தாத்தாவின் கிராமம் கிடைத்த சந்தோஷத்தில் வம்ச மரத்தை முடித்துவிடுகிறவர்கள், பாட்டியின் கட்டத்தைக் காலியாகவாவது வரைந்து வைக்கலாம்.

காலியான கட்டமும் ஒரு பதிவுதான். ஐந்தொகை டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் காட்டணும், மறைக்கக் கூடாது. இதுவும் முதல் வருஷப் பாடம்தான்.