காற்றும் முதலாளி கையில் இருக்கும் ஊர்

செவ்வாய்க் கிரகத்து மண்ணில் பெர்குளோரேட் உப்பு கலந்திருப்பதை 2008-இல் அங்கே இறங்கிய பீனிக்ஸ் விண்கலம் கண்டறிந்தது. தைராய்டு சுரப்பிக்கு அயோடின் போய்ச் சேரவிடாமல் தடுக்கும் உப்பு அது. அந்த மண்ணில் அப்படியே கீரை விதைத்துச் சாப்பிட முடியாது. ஆனால் பல ராக்கெட்டுகளுக்கு அந்த வகை உப்பு இல்லாமல் ஆகாது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் எல்விஎம்-3 ராக்கெட்டின் பக்கவாட்டுக் கலன்களில் அமோனியம் பெர்குளோரேட்டோடு அலுமினியப் பவுடரும் எரிகிறது. அலுமினியப் பவுடரைப் பற்றிச் சிவகாசிக்காரருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

செவ்வாயில் குடியேறலாமா என்ற விவாதத்தில் பொறியாளர்களும் கோடீஸ்வரர்களும் நிறையப் பேசிவிட்டார்கள். பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆபத்தான ஓரிடத்தில் தினமும் போய் உட்கார்ந்து பிழைப்பதில், தீப்பெட்டியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், விருதுநகர் மாவட்டத்துக்கு நூறாண்டு அனுபவம் உண்டு.

குடியேற்றத்தை ஆதரிப்பவர்கள் சிவகாசியையே தங்களுக்குச் சாட்சியாக அழைக்கலாம். மழை பொய்த்த கரிசல் காட்டிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். விவசாயத்தைக் கெடுத்த அதே வறட்சி, மருந்து காய்வதற்கு வசதியாகிவிட்டது. பிழைக்க முடியாத மண் என்று எதுவுமில்லை, மூளைதான் வேண்டும் என்று இதிலிருந்து சொல்லிவிடலாம். பாதி உண்மை. கரிசலில் மழைதான் இல்லை. காற்று இருந்தது, அதற்கு யாரும் விலை வைக்கவில்லை.

பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறை எப்படிக் கட்டப்படுகிறது என்று பாருங்கள். ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். தீப்பொறி கிளம்பினால் அணைக்க நேரம் கிடைக்காது என்பதை ஒப்புக்கொண்ட விதிகள் இவை. அங்கே கடைசிப் பாதுகாப்பு எந்தக் கருவியும் அல்ல, வெளியே ஓடுவதுதான்.

அந்த விதிகள் மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதும் ஊருக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நாற்பது பேர் அளவில் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அறிக்கைகளில் வருவது ஏறக்குறைய ஒரே பட்டியல்: அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து, மரத்தடியில் வேலை, உள்குத்தகை. லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும், அறைகளை நடத்துபவர்கள் வேறு சிலராக இருப்பார்கள். வேதியியல் அறிவு போதாமல் நடந்தவை அல்ல இவை. தீபாவளி நெருங்கும்போது ஆர்டரை முடித்தாக வேண்டும், பீஸ் ரேட்டில் கூலி வாங்குபவர் கையை நிறுத்த முடியாது. இத்தனைக்கும் இங்கே மாவட்ட நிர்வாகம் இருக்கிறது, நாக்பூரில் வெடிபொருள் துறை இருக்கிறது, தொழிற்சங்கம், நீதிமன்றம், பத்திரிகை எல்லாம் இருக்கின்றன.

இப்போது செவ்வாய்க்கு வருவோம். அங்கே காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கும் காற்றிலும் 95 விழுக்காடு கரியமில வாயு. பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்சி கருவி 2021 முதல் 2023 வரை பதினாறு முறை இயங்கி, மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் தயாரித்தது. அருமையான சாதனை. ஆனால் ஓர் ஆள் நான்கு மணி நேரம் மூச்சுவிடக்கூட அது போதாது. பூமியிலேயே, அரிசோனாவில், பயோஸ்பியர்-2 என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் 1991-இல் எட்டுப் பேர் அடைபட்டு வாழ்ந்து பார்த்தபோது ஆக்சிஜன் குறைந்துகொண்டே போய், கடைசியில் வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. அவர்களுக்கு ஒரு 'வெளியே' இருந்தது.

ஓட வெளி இல்லாத இடத்தில் கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. ஆக்சிஜன் இயந்திரம், தண்ணீர், சோறு, திரும்பும் வண்டி எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும். உள்குத்தகைக்காரர் காற்றையும் அளந்து கொடுப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலைநிறுத்தம் செய்ய எவருக்குத் துணிச்சல் வரும்?

இது மிகைக் கற்பனை அல்ல. பத்து லட்சம் பேர் வாழும் செவ்வாய் நகரம் என்ற திட்டத்தை 2016-இல் மெக்சிகோ மாநாட்டில் விரித்த எலான் மஸ்க், பணம் இல்லாதவர்கள் கடன் வாங்கி வரலாம், அங்கே வேலை நிறைய இருக்கும் என்று 2020-இல் எழுதினார். அட்வான்ஸ் வாங்கி வேலைக்குப் போவது! தெற்கத்திச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி கூட்டிப்போனவர்களும் கடனோடுதான் கப்பலேறினார்கள். 'துண்டு' என்ற காகிதத்தில் அந்தக் கடன் தோட்டம் விட்டுத் தோட்டம் கூடவே போயிற்று. 1921-இல்தான் அது ஒழிந்தது. காடு திருத்தியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு 1948-இல் அந்த நாடு குடியுரிமை தரவில்லை என்பது அடுத்த கதை.

மனித இனம் அழிந்துவிடாமலிருக்க இன்னொரு கிரகம் காப்பீடாக வேண்டும் என்பது எதிர்த் தரப்பின் வலுவான வாதம். விண்கல் மோதிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் 2022 செப்டம்பரில் டார்ட் விண்கலம் டைமார்போஸ் என்ற சிறுகோள்மீது மோதி, அது சுற்றிவரும் நேரத்தை அரை மணிக்கு மேல் குறைத்துக் காட்டியது. கல்லைத் தள்ளிவிடுவது ஊரைப் பெயர்ப்பதைவிட மலிவு.

அதற்காக விண்வெளியையே விட்டுவிடச் சொல்லவில்லை. 2013-இல் மங்கள்யான் கிளம்பியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். சிவகாசியிலிருந்து காரில் போகும் தூரத்தில்தான் குலசேகரப்பட்டினம் ஏவுதளம் வரப்போகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2040-க்குள் இந்தியர் நிலவில் இறங்கட்டும். அண்டார்டிகாவின் மைத்ரி நிலையத்துக்கு 1989 முதல் நம் ஆட்கள் போகிறார்கள், தவணை முடிந்ததும் வீடு திரும்புகிறார்கள். செவ்வாய்க்கும் அப்படிப் போகலாம். நான் மறுப்பது, குடும்பத்தோடு போய்த் தங்கிவிடச் சொல்வதை.

1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் எந்த நாடும் கிரகங்களைச் சொந்தம் கொண்டாட முடியாது என்கிறது. தனியார் செய்வதற்கும் அவரவர் அரசே பொறுப்பு என்கிறது. அங்கே கூலிக்குப் போகிறவரைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. கப்பல் எப்படியும் பூமிக்குத் திரும்பியாக வேண்டும், விருப்பமுள்ளவர் ஏறிக்கொள்ளலாம் என்று மஸ்க் அதே 2016 உரையில் சொன்னார். கடன் பாக்கி உள்ளவரும் அதில் ஏறலாம் என்று எழுதி, அதை நிறைவேற்ற ஓர் அதிகாரியையும் நியமித்த பிறகு குடியேற்றத்தைப் பற்றிப் பேசலாம்.