ஐபோனா, ஆண்ட்ராய்டா? நான் எந்தக் கட்சி?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பத்து நாளாக ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. எங்கள் தெருவில் பென்ஷன் வாங்கும் ஒருவருக்குக் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. தெரிந்தவர் எண்ணிலிருந்துதான் வந்தது. தொட்டார், ஏதோ அனுமதி கேட்டது, சரி என்று அழுத்தினார். பத்திரிகை எதுவும் திறக்கவில்லை. மறுநாள் காலையில் வங்கிக் கணக்கில் பணம் இல்லை. இதைக் கேள்விப்பட்டு, அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன், "சித்தப்பா, இனிமேல் வீட்டுப் பெரியவர்கள் கையில் ஆண்ட்ராய்டே வேண்டாம். எல்லோருக்கும் நான் ஐபோன் வாங்கி அனுப்புகிறேன்" என்று எழுதினான். பாதிப் பேர் கைதட்டினார்கள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று சிலர் தனியாகக் கேட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் அவன் சொல்வதில் இருக்கும் நியாயம். அந்தப் பத்திரிகை உண்மையில் ஏ.பி.கே. என்று முடியும் ஒரு கோப்பு. அதாவது ஒரு செயலி. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்குப் போகாமலேயே இப்படி ஒரு கோப்பிலிருந்து செயலியைப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே வந்த திருட்டுச் செயலி எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எல்லாம் திருடன் கைக்குப் போய்விடும். ஐபோனில் இந்த வழி இல்லை. வாட்ஸப்பில் வந்த கோப்பைத் தொட்டுச் செயலி போட முடியாது. போட்ட செயலிகளுக்கும் எஸ்.எம்.எஸ். பெட்டியைத் திறந்து படிக்க அனுமதியே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் மூடிய வீடு பாதுகாப்பான வீடுதான்.

ஆனால் அந்த வீட்டுக்கு ஒரே வாசல், ஒரே காவலாளி. 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் வந்ததிலிருந்து, ஐபோனில் எது இருக்கலாம், எது கூடாது என்று ஆப்பிள்தான் தீர்மானிக்கிறது. வாசல் ஒன்றே என்றால், அரசாங்கம் அந்த ஒரு காவலாளியிடம் சொன்னால் போதும். 2017இல் சீனாவில், இணையத் தணிக்கையைத் தாண்ட உதவும் வி.பி.என். செயலிகள் பலவற்றை ஆப்பிள் தன் கடையிலிருந்து எடுத்தது. 2019 அக்டோபரில், ஹாங்காங் போராட்டத்தின்போது போலீஸ் எங்கே நிற்கிறது என்று காட்டிய வரைபடச் செயலியையும் எடுத்தது. ஆண்ட்ராய்டு வைத்திருந்தவர்கள் கடையில் இல்லாததை வேறு வழியில் போட்டுக்கொள்ளலாம். ஐபோன் வைத்திருந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. என் தெருக்காரர் பணத்தை இழந்ததும் இதே பக்கவாசல் வழியாகத்தான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே வாசல் சிலருக்குத் திருடன் வரும் வழி, சிலருக்குத் தப்பிக்கும் வழி.

நமக்கு நெருக்கமான உதாரணம் தமிழ்த் தட்டச்சு. 2014இல் ஐ.ஓ.எஸ். 8 வரும் வரை, வெளியார் செய்த விசைப்பலகையை ஐபோனில் பொருத்தவே வழியில்லை. ஆப்பிள் தானாகத் தமிழ் விசைப்பலகை கொடுக்கும்வரை, தனிச் செயலி ஒன்றில் தட்டி, நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தோம். ஆண்ட்ராய்டில் 2009 முதலே யார் வேண்டுமானாலும் விசைப்பலகை எழுதிக் கொடுக்கலாம். (அந்தக் காலத்து ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐபோனில் படிக்கலாம், எழுத முடியாது. ஆண்ட்ராய்டில் எழுதலாம், படிக்க முடியாது. நல்ல கூத்து!)

சரி, ஆண்ட்ராய்டு முழுக்கத் திறந்த வீடா? அதுவும் இல்லை. இதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அதன் அடிப்படை நிரல் திறந்த மூலம்தான். லினக்ஸ் கருவின் மேல் கட்டியது, யாரும் எடுத்து மாற்றலாம். ஆனால் பிளே ஸ்டோரும் அதோடு வரும் சேவைகளும் கூகுளின் சொந்தச் சொத்து. பிளே ஸ்டோர் இல்லாத போனை நம் ஊரில் யார் வாங்குவார்கள்? அதனால் போன் கம்பெனிகள் கூகுளின் நிபந்தனைகளுக்குக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பிளே ஸ்டோர் வேண்டுமானால் கூகுளின் மற்றச் செயலிகளையும் சேர்த்தே வைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இதற்காகத்தான் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

2025 ஆகஸ்டில் கூகுள் இன்னொரு அறிவிப்பு விட்டது. செயலி எழுதுபவர்கள் எந்த வழியாகக் கொடுத்தாலும் கூகுளிடம் அடையாளம் காட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும், 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் இது தொடங்கும், பிறகு மற்ற நாடுகளுக்கும் வரும் என்று. காரணம் மோசடிச் செயலிகள்தான். எஃப்-டிராய்டு போன்ற திறந்த மூலக் கடைகளை நடத்துபவர்கள் எதிர்த்தார்கள். பிறகு, விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு மாற்று வழி வைப்போம் என்று கூகுள் கொஞ்சம் இறங்கி வந்தது. மறுபக்கம், 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் கட்டாயப்படுத்தியதும், ஆப்பிள் அங்கே மட்டும் வேறு கடைகளை அனுமதித்தது. வேறு கடை வந்தால் பாதுகாப்பு போய்விடும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த கம்பெனிதான். திறந்திருப்பதும் மூடியிருப்பதும் தொழில்நுட்பத்தின் தலைவிதி அல்ல, யார் யாரை நிர்ப்பந்திக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

என் கட்சி எது என்று இப்போது தெரிந்திருக்கும். பக்கவாசல் இருக்கட்டும், தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும், அதைப் போடுவதா திறப்பதா என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்யட்டும்.

பெரியவர்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. என் அக்காவுக்கு எழுபத்தாறு வயது. போனில் ஏதாவது நின்றுபோனால் அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கொண்டுபோவார். அந்தப் பெண்ணும் ஆண்ட்ராய்டு, பால்காரரும் ஆண்ட்ராய்டு, கடைவீதியில் ரிப்பேர் செய்யும் பையனுக்கும் அதுதான் தெரியும். அக்கா கையில் ஐபோனைக் கொடுத்தால், சந்தேகம் கேட்க நியூஜெர்சியில் பொழுது விடியும்வரை காத்திருக்க வேண்டும். போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டும் திருடனுக்கோ எந்த போனாக இருந்தாலும் ஒன்றுதான். அங்கே ஐபோன் காப்பாற்றாது.

ஐபோன் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனியாக இருப்பவர், வருகிற எல்லாவற்றையும் தொட்டுவிடுபவர், பக்கத்தில் ஐபோன் தெரிந்த ஒருவர் உண்டு என்றால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். மலிவான ஆண்ட்ராய்டு போன்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் சீக்கிரம் நின்றுவிடுகிறது என்பதும் உண்மைதான். 2015இல் வந்த ஐபோன் 6எஸ்ஸுக்கு 2021இல் கூடப் புதிய ஐ.ஓ.எஸ். கிடைத்தது. ஆண்ட்ராய்டு வாங்கும்போது எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று கடையில் கேட்டு வாங்குங்கள். கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்பதைப் பிறகு கேட்கலாம்.

விடுமுறைக்கு ஊருக்கு வருபவர்கள் அப்பா அம்மாவின் போனை ஐந்து நிமிடம் வாங்குங்கள். செட்டிங்ஸில் தேடும் இடத்தில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தட்டினால் ஒரு பட்டியல் வரும். வாட்ஸப், குரோம், ஃபைல்ஸ் என்று எதற்கெல்லாம் அனுமதி இருக்கிறதோ அதையெல்லாம் அணைத்துவிடுங்கள். என்ன செய்தீர்கள், எதற்காகச் செய்தீர்கள் என்பதை அவர்களிடமும் சொல்லுங்கள். எங்கள் தெருவில் நானே ஏழு போன்களில் பார்த்தேன். மூன்றில் வாட்ஸப்புக்கு அனுமதி திறந்தே கிடந்தது.